பல்செட் கம்பெனி உருமாறிய வரலாறு

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. எதன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்கிறேன். சூடான இஸ்திரிப்பெட்டி மட்டும் வேண்டாம், வயதாகிவிட்டது. கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. இரண்டு இடங்களில் நீங்கள் நம்பமாட்டீர்களே என்று பயந்து குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

அது பல்செட் செய்கிற கம்பெனி. ஊரிலுள்ள பல் டாக்டர்கள் எல்லாரும் ஈறுக்கு அச்சு எடுத்து அங்கேதான் அனுப்புவார்கள். கீழ்த்தளம் முழுக்க ஒரே பட்டறை. ஒரு மேசையில் அச்சில் மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். அடுத்த மேசையில் ஒரு அம்மாள் மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டுக்கொண்டிருப்பார். அவரை எல்லாரும் மெழுகம்மா என்றே கூப்பிட்டார்கள். கடைசி மேசை பஸ் நிறுத்தத்தைப் பார்த்த ஜன்னலோரம். அங்கே இருபத்தாறு வருடமாக ஒரே முக்காலியில் உட்கார்ந்திருந்தவருக்குப் பட்டறையில் பெயர் அரம். கையில் எப்போதும் ஒரு சின்ன அரம் இருக்கும். அதனால் அந்தப் பெயர். வீட்டில் வைத்த பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார்.

பல்செட்டுக்கு உள்ள பெரிய வியாதி விசில். முன்பல்லுக்குப் பின்னால் ஒரு மயிரிழை தடிப்பு இருந்தால் போதும், காற்று அதில் மாட்டிக்கொண்டு ஊதிவிடும். ஆனால் சாதாரணமாகப் பேசும்போது அது வராது. "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டால் வராது. மனிதன் வாயை முழுதாகத் திறந்து நாக்கை முழுதாக வீசிப் பேசுவது கோபத்தில் மட்டும்தான். அரம் இதை முதல் வருடமே கண்டுபிடித்துவிட்டார். ஆகவே பல்செட் வாங்க வருகிறவரை எதிரே நாற்காலியில் உட்கார வைப்பார், செட்டை மாட்டுவார், மரியாதையாகச் சொல்வார்:

"யாரையாவது திட்டுங்க."

முதல் ஒரு நிமிடம் எல்லாருக்கும் கூச்சம். ஓய்வு பெற்ற ஒரு தபால் அதிகாரி, "எனக்கு யார் மேலயும் கோபம் கிடையாதுங்க, நான் அமைதியான ஆளு" என்றார். பிறகு மச்சான் ஞாபகம் வந்தது. நாற்பது நிமிடம். பூனை மாதிரி வந்த ஒரு கிழவிக்கு மூன்றாவது நிமிடத்தில் ஒரு நாத்தனார் நினைவுக்கு வந்தார். அன்று பட்டறையே டீ குடிக்க மறந்துவிட்டது. எந்தச் சொல்லில் விசில் எழுகிறதோ அதைக் காதில் பிடித்துக்கொண்டு அரம் செட்டைக் கழற்றுவார், இரண்டு ராவு ராவுவார், மாட்டுவார். "ம், விட்ட இடத்துலேருந்து." இப்படி மூன்று சுற்று. போகும்போது அவர்கள் முகத்தில் பல்லும் இருக்கும், ஒரு தெளிவும் இருக்கும்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது முதலாளி ஒரு மாநாட்டுக்குப் போனார். போகும்போது நல்லாத்தான் போனார். வரும்போது கூட ஒருவரை அழைத்து வந்தார். அவர்தான் தகவல் தொழில்நுட்பத் துறையின் உருமாற்றத் தலைவர். கூடவே இரண்டு உதவியாளர்கள், ஆளுக்கொரு லேப்டாப்பைத் திறந்தபடியே மாடிப்படி ஏறப் பழகியவர்கள்.

பட்டறையில் எல்லாரையும் கூட்டி வைத்துத் தலைவர் பேசினார். நல்ல குரல்.

"நண்பர்களே, நீங்க பல் செய்யறீங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்க. அதுதான் பிரச்சினை. வாடிக்கையாளருக்கு வேண்டியது பல் இல்ல, கடிப்பு. நாளைக்குக் கடிப்பைப் பல் இல்லாமலே குடுக்க முடியும்னா பல் நமக்கு எதுக்கு? நான் இதுவரைக்கும் நாலு கம்பெனியை உருமாத்தியிருக்கேன். அதுல மூணு இப்போ இல்ல. முழு உருமாற்றம்னா அதுதான்."

"நாலாவது என்ன ஆச்சுங்க?" என்று கேட்டார் மெழுகம்மா.

"அது இன்னும் எதிர்த்துக்கிட்டிருக்கு" என்றார் தலைவர் வருத்தத்தோடு.

மறுநாளிலிருந்து காலையில் நின்றுகொண்டே நடத்தும் கூட்டம் வந்தது. உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்பதால் நிற்க வேண்டும். ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றார்கள். நின்று நின்று கால் வீங்கியவர்களுக்கு, நிற்கும் கூட்டத்தில் உட்கார்ந்துகொள்ள விண்ணப்பப் படிவம் கொடுத்தார்கள். ஒவ்வொருவரும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், என்ன தடை.

"நேத்து பல்லு ராவினேன். இன்னைக்கும் பல்லு ராவுவேன். தடை இந்தக் கூட்டம்தான்" என்றார் அரம்.

உதவியாளர் ஒருவர் பயபக்தியோடு எழுதிக்கொண்டார். மத்தியானம் அறிவிப்பு வந்தது: தடையை அகற்றுவது குறித்து ஆலோசிக்க மூன்று மணிக்கு ஒரு கூட்டம்.

அடுத்து அரம் உட்கார்ந்த ஜன்னலோரத்துக்குத் தலைவரே வந்தார். ஒரு ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை தன் பழைய தலைமையாசிரியரைத் திட்டிக்கொண்டிருந்தார். தலைவர் கைகட்டி நின்று கேட்டார்.

"இது கட்டமைக்கப்படாத தரவு" என்றார்.

"இல்லைங்க, திட்டு" என்றார் அரம்.

"ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி திட்டறாங்க. இதை எப்படி அளக்கறது?"

"காதாலதான்."

"உங்க காதை நான் வேற கிளைக்கு நகலெடுக்க முடியுமா?"

"நமக்கு வேற கிளையே இல்லைங்களே."

"அதுவும் நீங்க ஏற்படுத்தின தடைதான்" என்று சொல்லிவிட்டு அவர் மாடிக்குப் போனார்.

ஒரு வாரத்தில் திட்டுவதற்குச் செயலி வந்துவிட்டது. வாடிக்கையாளர் யாரைத் திட்ட விரும்புகிறார் என்று முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்: உறவினர், அண்டை வீட்டார், அலுவலகம், பிற. பிறகு திரையில் அங்கீகரிக்கப்பட்ட வாசகம் வரும். "தங்களின் அண்மைக் காலச் செயல்பாடு எனக்குச் சிறிதளவு மனவருத்தம் அளித்துள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்." அதை வாசித்தால் போதும், இயந்திரம் கேட்டுப் பச்சை விளக்கு காட்டும். அரத்தின் முக்காலியை எடுத்து மாடிப்படிக்கு அடியில் போட்டார்கள்.

அந்த வாசகத்தை வாசித்து இந்த உலகத்தில் ஒருவருக்கும் கோபம் வந்ததில்லை. அதனால் விசிலும் வரவில்லை. எல்லாச் செட்டும் பச்சை விளக்கோடு வீட்டுக்குப் போயின. வீட்டில் முதல் சண்டை வந்தது.

பிறகு ஊர் பட்ட பாட்டைக் குறைத்தே சொல்கிறேன். மூன்றாம் மாடியில் ஒருவர் சம்பந்தியோடு போனில் வாக்குவாதம் செய்ய, கீழே நாற்சந்தியில் வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன. போக்குவரத்துக் காவலர் தன் விசிலை எடுத்து எடுத்துப் பார்த்தாராம். கால்பந்து பார்க்கப் போன ஒரு பெரியவர் "ச்சே" என்று சலித்துக்கொண்டதில் ஆட்டம் பதினேழு நிமிடம் முன்னதாகவே முடிந்தது. பஸ்கள் ஆளேறும் முன்பே கிளம்பின. புதுப் பல்செட் போட்ட ஒரு தம்பதி கோபித்துக்கொண்ட சாயங்காலம் தெருநாய்கள் அத்தனையும் அவர்கள் வீட்டு வாசலில் வரிசையாக வந்து உட்கார்ந்து உத்தரவுக்குக் காத்திருந்தன.

புகார் சொல்ல செயலியைத் திறந்தால், குறை எதில் என்று கேட்டது: நிறம், அளவு, வந்து சேர்ந்த நேரம். விசில் என்று ஒன்று அதில் இல்லை. போன் செய்தால் குரல் உதவியாளர் விசிலைக் கேட்டுவிட்டு, "தங்கள் மொழியை நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்றது. எனவே நேரிலேயே வந்து குவிந்தார்கள். வரவேற்பறையில் சுவரளவுக்கு ஒரு திரை இருந்தது, அதில் புன்னகைக் குறியீடு என்று ஒரு எண். மேலே ஒரு கேமரா, எதிரே நிற்பவர்கள் வாயில் எத்தனை பல் தெரிகிறது என்று எண்ணி அதைப் புன்னகையாகக் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. கோபத்தில் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு முப்பது பேர் வந்து நின்றார்கள். குறியீடு தொண்ணூற்றேழைத் தொட்டது. மாடியில் கேக் வெட்டினார்கள்.

இதெல்லாம் ஊர் பாடு. அரத்தின் பாடு வேறு.

அவருக்கு ஒரு அக்கா. இருவரும் ஒரே பழைய அடுக்குமாடிக் கட்டிடத்தில் எதிரெதிர் வீடு. மொத்தம் நாற்பது குடும்பம். சுவரில் விரிசல் விட்டுவிட்டது, எல்லாரும் காலி பண்ணுங்கள் என்று கட்டிட உரிமையாளர் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். விரிசல் எங்கே என்று கேட்டதற்கு, இனிமேல் விடும் என்றார். அக்கா நாற்பது குடும்பத்துக்கும் சேர்த்து மனுப் போட்டார். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வீட்டுவசதி அதிகாரி முன்னால் விசாரணை. மனுப் போட்டவர்தான் பேச வேண்டும், வேறு ஆள் வாயைத் திறக்கக் கூடாது.

அக்கா பேசினால் யாரும் எதிரே நிற்கமுடியாது. ஆனால் மூன்று மாதத்துக்கு முன் டாக்டர் அவர் பல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தார். இப்போது அவர் "சுவரில் விரிசல் இல்லை" என்று சொன்னால் யாரோ பக்கத்தில் நின்று மெழுகுவத்தியை ஊதி அணைக்கிற மாதிரிதான் இருந்தது. பல்செட் தயாராகிக் கம்பெனியில்தான் இருந்தது, கடைசி ராவல் மட்டும் பாக்கி.

திங்கட்கிழமை அரம் மாடிக்குப் போய்க் கேட்டார். உதவியாளர் லேப்டாப்பைப் பார்த்தார்.

"உங்க அக்காவோட பல்செட் போய்ச் சேர்ந்துடுச்சே."

"எங்கே?"

"அவங்களுக்குத்தான். ஒவ்வொரு செட்டுக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு இரட்டை இருக்கு. அந்த இரட்டை சோதனையில பாஸாகி, காலையிலயே அவங்க கணக்குல போய் விழுந்துடுச்சு. அவங்க மெல்ல ஆரம்பிச்சாச்சு. இதோ பாருங்க, பத்தரைக்குச் சிரிச்சிருக்காங்க."

"அக்கா மூணு மாசமா கஞ்சி குடிச்சுக்கிட்டிருக்கா, சார்."

"அது உங்க பார்வை" என்றார் உதவியாளர் பெருந்தன்மையாக.

"அப்போ நிஜப் பல்லு?"

"அந்த அலமாரியில இருக்கு. இரட்டை போய்ச் சேர்ந்துட்டா மூலத்தைத் தேக்கி வைக்கக் கூடாது, அது விதி. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு வண்டி வரும், அரைக்கப் போயிடும்."

அந்த அலமாரி கண்ணாடிக் கதவு போட்டது. தலைவர் முகத்தைக் காட்டினால் மட்டுமே திறக்கும். மூன்றாவது தட்டில் அக்காவின் செட் இளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அரம் செவ்வாய்க்கிழமை படிவம் போட்டார். புதன்கிழமை அந்தப் படிவம் பழைய வடிவம் என்று திரும்பி வந்தது. புதிய வடிவம் எப்போது வரும் என்று கேட்டார். உருமாற்றம் முடிந்ததும் என்றார்கள். உருமாற்றம் எப்போது முடியும் என்று கேட்டார். அறையில் இருந்த மூன்று பேரும் அவரை அன்போடு பார்த்தார்கள்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு அக்கா நேரிலேயே வந்துவிட்டார். தம்பியிடம் கைச்சைகையில் கேட்டார்: கிடைக்குமா, கிடைக்காதா.

அரம் சட்டைப் பையிலிருந்து அரத்தை எடுத்தார். மாடிக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு ஆயிரம் பாதுகாப்பு வைத்திருந்தார்கள், கீலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. கீழ்க் கீலின் ஊசியை ராவ இரண்டு நிமிடம், மேல் கீலுக்கு இரண்டு நிமிடம். கதவைக் கழற்றிச் சுவரில் பத்திரமாகச் சாய்த்து வைத்தார். அலமாரி, "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது, நன்றி" என்று அலறத் தொடங்கியது.

கீழே வந்து முக்காலியை மாடிப்படிக்கு அடியிலிருந்து இழுத்து ஜன்னலோரம் போட்டார். மெழுகம்மா கேட்காமலே எதிர் நாற்காலியைத் துடைத்து வைத்தார்.

"உட்காரு அக்கா. வாயைத் திற. ம், மாட்டியாச்சு. இப்போ யாரையாவது திட்டு."

"யாரைடா?" என்றார் அக்கா. மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் முழுச் சொல்.

அந்த நேரத்தில் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். தலைவர் முன்னால், உதவியாளர்கள் பின்னால்.

"நிறுத்துங்க. அது ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்ட பொருள். அதை இன்னொரு தடவை ஒப்படைச்சா கணினியில ஒரே ஆளுக்கு ரெண்டு வாய் ஆயிடும்."

அக்கா அவரை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

"தேடிப் போக வேண்டாம்டா. ஆளே வந்துட்டாரு."

தொடங்கினார். "ஏம்ப்பா, என் பல்லை எனக்குக் குடுக்காம அதோட நிழலைக் குடுத்துட்டேன்னு எழுதி வச்சிருக்கியே, உங்க வீட்டுல நீ சாப்பாடு கேட்டா தட்டோட போட்டோவைக் காட்டுவாங்களா?"

'சாப்பாடு' என்ற இடத்தில் கூர்மையாக ஒரு விசில் எழுந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பஸ் கிளம்பிப் போனது. அரம் செட்டைக் கழற்றினார், இரண்டு ராவு, மறுபடி மாட்டினார்.

தலைவர் நகரப் பார்த்தார்.

"சார், கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்றார் அரம். "நீங்க நகர்ந்தா அவங்க வேகம் குறையுது."

தலைவர் நின்றார். பட்டறையில் ஒருவர் அவரிடம் ஒரு உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. "இதுல என் பங்கு என்ன?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நிக்கிறதுதான் சார். அதை மட்டும் நல்லா செய்ங்க."

"நான் சிரிச்சேன்னு எழுதினியாமே" என்று விட்ட இடத்திலிருந்து வந்தார் அக்கா. "நான் எப்போ சிரிக்கணும்னு நீ யாரு சொல்றதுக்கு? நாற்பது குடும்பம், சின்னதும் பெருசுமா நூத்தம்பது உசுரு, நாளைக்குச் சட்டி பானையோட தெருவுல நிக்குமான்னு நான் சோறு இறங்காம கிடக்கேன், நீ மேல உட்கார்ந்து எனக்குச் சதவீதம் போட்டுக்கிட்டிருக்கே. இருபத்தாறு வருஷம் ஒரே இடத்துல உட்கார்ந்து ஊருக்கே வாய் குடுத்தவனை மாடிப்படிக்கு அடியில தூக்கிப் போட்டியே, உனக்குச் சங்கடமா இல்ல?"

"இது மிக மதிப்புள்ள பின்னூட்டம்" என்று ஆரம்பித்தார் தலைவர்.

"சார், பேசாதீங்க. நீங்க பேசினா அவங்களுக்குச் சிரிப்பு வந்துடும், அப்புறம் முதல்லேருந்து."

'சட்டி'யில் ஒன்று, 'சங்கடம்' என்பதில் ஒன்று. கழற்றி, ராவி, மாட்டி, நான்காவது சுற்றில் அக்கா ஏழு நிமிடம் மூச்சு விடாமல் பேசினார். ஒரு சின்னக் கீச்சுக்கூட இல்லை. பஸ்கள் அவையவை நேரத்துக்குக் கிளம்பின. பட்டறை கைவேலையை வைத்துவிட்டு எழுந்து நின்றது.

வரவேற்பறையில் காத்திருந்தவர்கள் கதவு வழியாக இதையெல்லாம் பார்த்திருந்தார்கள். அக்கா எழுந்ததும் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார்.

"நான் யாரைத் திட்டறது?"

"இவரையேதான். நின்னுக்கிட்டுத்தானே இருக்காரு" என்றார் மெழுகம்மா.

ஐந்து மணிக்கு வண்டி வருவதற்குள் முப்பத்தொரு செட்டின் விசில் நின்றுவிட்டது. தலைவர் வியர்த்துப்போய், ஆனால் நகராமல் நின்றார். உதவியாளர் ஒருவர் லேப்டாப்பில் தட்டினார்: வாடிக்கையாளர் நேரடி ஈடுபாடு, ஒன்றரை மணி நேரத்தில் முப்பத்தொன்று, துறை வரலாற்றில் உச்சம்.

முதலாளி சத்தம் கேட்டு இறங்கி வந்து கதவோரம் நின்றிருந்தார். மாநாட்டிலிருந்து திரும்பிய பிறகு அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு விஷயம் புரிந்தது மாதிரி இருந்தது.

"இவரை மேல உட்கார வச்சது நம்ம தப்பு" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா வீட்டுவசதி அதிகாரி முன்னால் எழுந்து நின்றார். கட்டிட உரிமையாளரின் வக்கீல் இரண்டு தடவை எழுந்தார், இரண்டு தடவையும் தானாகவே உட்கார்ந்தார். இருபது நிமிடம் கழித்து அதிகாரி தண்ணீர் கேட்டார். விரிசலை நேரில் காட்டும் வரை யாரையும் காலி செய்யக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உரிமையாளர் இன்றைக்கும் தினமும் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

அரம் தன் ஜன்னலோரத்திலேயே இருக்கிறார். உருமாற்றத் தலைவர் காலை பத்திலிருந்து ஒன்று வரை அவருக்கு எதிரே நிற்கிறார். செயலியை நிறுத்தி, அலமாரியை மெழுகம்மாவுக்குத் தட்டுமுட்டுச் சாமான் வைக்கக் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் தலைவரை ஒரு மாநாட்டில், வணிகத்தை மாற்றுவதில் தொழில்நுட்பத் தலைவர்களின் பங்கு என்ன என்று பேசக் கூப்பிட்டார்களாம். மேடை ஏறி, "எதிரே நிக்கணும், பேசக் கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். அரங்கம் எழுந்து கைதட்டியது.

இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் அந்த அக்காவேதான். அவருக்கு எழுபத்திரண்டு வயது. வாயில் இருக்கிற முப்பத்திரண்டும் சொந்தப் பல்.